முப்பத்தொரு வீட்டில் ஒரு சிவப்பு

திருவனந்தபுரம்
ஜனவரி 19

அன்புள்ள மகள் ஆர்ஷாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் அம்மாவும் நானும் இங்கே நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் சுபினும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் குடும்ப ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேனா எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் ஒன்று கேட்பாய், உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன், இத்தனை மாதமும் அப்படித்தான் தப்பித்தேன். உன் கூட்டுக்காரி ஷீஜா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள், ஏத்தங்காய் வற்றலோடு இதையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆகஸ்டில் கிருஷ்ணவேணி டீச்சர் என்று ஒருவர் காலேஜ் பிள்ளைகளோடு நம் தெருவுக்கு வந்ததைச் சொன்னேன் அல்லவா, ஓடை பொங்கினால் எந்த வீட்டில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், எந்த வழியாக வெளியேறலாம் என்பதையெல்லாம் குடியிருப்பவர்களே சொல்லிப் படம் வரைய வேண்டும், ஆபீசில் உட்கார்ந்து வரைந்தால் சரியாக வராது என்றார். நல்ல எண்ணம்தான். தெருச் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தேன். சர்ச் ஹால் தரையில் சாக்பீசால் தெருவையும் ஓடையையும் வரைந்து முப்பத்தொரு வீட்டுக்கும் கட்டம் போட்டார்கள், ஓணத்துக்கு வாங்கி வைத்த கலர்ப்பொடி இருந்தது, தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் சிவப்பு, முற்றத்தோடு நின்றால் மஞ்சள், வராவிட்டால் பச்சை, அவரவர் கட்டத்தில் அவரவர் தூவ வேண்டும். சிவப்பு வீடுகளுக்கு மழைக்காலத்தில் கார்ப்பரேஷன் ஆபீசிலிருந்து முதலில் போன் வரும், முதலில் ஆள் வரும். இதில் யாருக்கு என்ன நஷ்டம், நீயே சொல்.

நம் ஆட்கள் செய்ததைக் கேள். எதிர்வீட்டுத் தங்கபாய் மாடியைக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள், சிவப்பு என்று தெரிந்தால் அவர்கள் காலி செய்துவிடுவார்களாம், பச்சையை அள்ளிப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அவரும் பச்சை. அதற்கு அடுத்தவர் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் வரும் என்றார், பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் பக்கத்து வீட்டைக் காட்டினார். டீச்சர் பாவம், பழைய மழையின் கறை சுவரில் இருக்குமே, அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பிள்ளைகளை அனுப்பினார். கறை எங்கே இருக்கும்? ஒவ்வொரு அக்டோபரிலும் ஏறும் சேற்றை டிசம்பரில் பெயின்ட் அடித்து மூடிவிட்டு, கிறிஸ்மசுக்கு வீடு பளிச்சென்று இருக்கிறது என்று ஸ்டார் தொங்கவிடுகிறவர்கள் அல்லவா நாம். கடைசியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சிவப்பு விழுந்தது, யார் வீடு தெரியுமா, இசக்கி வீடு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார், தெருவின் மேல்முனையில் மெயின்ரோட்டை ஒட்டி வாடகைக்கு இருக்கிறாரே, அவர்தான். அந்த வீட்டுப் படியைக்கூட ஒரு நாளும் தண்ணீர் தொட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கான்கிரீட் வேலைக்குப் போயிருந்தார், வீட்டுக்காரரும் வெளிநாட்டில். எல்லாம் பச்சையாக இருந்தால் படத்தை நம்ப மாட்டார்கள் என்று யாரோ சொன்னார், ஒருவரும் மறுக்கவில்லை. இசக்கியின் போன் நம்பரை லிஸ்டில் எழுதிக் கொடுத்தது யார் என்றால் உன் அப்பாதான்.

நம் வீட்டுக்கு என்ன நிறம் போட்டேன் என்றும் கேட்பாய். பச்சை. இனி ஒரு தடவை தண்ணீர் ஏறினால் வீட்டைப் பூட்டி அம்மாவையும் என்னையும் லிப்ட் உள்ள பிளாட்டில் கொண்டுபோய் வைப்பேன் என்று நீ போன வருஷம் சொன்னாய். அந்தப் படம் போனில் எல்லாரும் பார்க்கும்படி வரும் என்றார்கள், நீ பார்ப்பாய் என்றுதான் பச்சை போட்டேன். ஊரைத் திட்டிக்கொண்டே நானும் அதைத்தான் செய்தேன் ஆர்ஷா மக்களே.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, விடிந்து சர்ச்சுக்குப் புறப்படுகிற நேரம், ஓடை பொங்கிவிட்டது. ஆபீசிலிருந்து எச்சரிக்கை போன் போனது இசக்கிக்கு, உடனே வீட்டைக் காலி செய்யுங்கள் என்று. அவர் முற்றம் காய்ந்து கிடக்கிறது. எனக்கே இப்படிச் சொன்னால் கீழே இருப்பவர்கள் கதி என்ன என்று அந்த மனுஷன் கட்டியிருந்த லுங்கியோடு ஓடி வந்தார். இங்கே அடுக்களைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, நான் வாசலில் சாக்கு அடைத்துக்கொண்டு இப்போது வடிந்துவிடும், இப்போது வடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் முட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்க மெத்தை மிதக்கிறது. இசக்கிதான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மேலே போனார். நான்கு நாள் அவர் வீட்டில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை நீ அழைத்தபோது முற்றம்தான் நனைந்தது, அம்மா தூங்குகிறாள் என்றேனே, அது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பொய். கிறிஸ்மஸ் அன்று வீடியோவில் புதுப் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று காட்டினேனே, அதற்கு அடியில் கறை இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதற்கு மேல் என்ன எழுத.

நேற்று டீச்சர் மறுபடியும் ஹால் தரையில் படம் வரைந்து கூட்டம் வைத்தார். இனியாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். மூன்று மணி நேரம் பேச்சு, இரண்டு தடவை சாயா, பழம்பொரி தீர்ந்தது, பச்சை மாறவில்லை. சிவப்பு போட்டால் மாடி கட்ட அனுமதி கிடைக்காது என்று ஒருவர், அது தெய்வம் அனுப்பிய மழை, வருஷா வருஷமா வரப்போகிறது என்று ஒருவர். தங்கபாய் வீட்டு பிரிட்ஜ் அக்டோபரில் ஓடைவரை மிதந்து போனது, அவள் என்னிடம் முகத்துக்கு நேரே தண்ணீர் வாசல் கேட்டோடு நின்றுவிட்டது என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் செயலாளர் வேலையை அங்கேயே எறிந்துவிட நினைத்தேன், ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? அப்போது அம்மா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள், கம்பை ஊன்றிப் படத்தின் நடுவில் போய் நின்றாள். "எங்க வீட்டுல அரைக்கு மேல வெள்ளம் கேறிச்சு டீச்சரே, அந்தச் சிவப்பை இஞ்ச தாருங்க" என்றாள். குனிய முடியாதல்லவா, நின்றபடியே தூவினாள், பாதி பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது, அந்த வீட்டுக்காரர் அதைத் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு வீடு வந்தது. ஆக மூன்று புதுச் சிவப்பு, அவ்வளவுதான், மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

இசக்கியும் வந்திருந்தார். உங்கள் வீட்டைத் தவறாகப் போட்டுவிட்டார்கள், பச்சையாக மாற்றட்டுமா என்று டீச்சர் கேட்டார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செவப்பாவே இருக்கட்டும் டீச்சர். அண்ணாச்சிக்குப் போன் வந்தா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வச்சிருவாவ. எனக்கு வந்தா நான் எறங்கிப் போயிருவேன்" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது.

பிளாட் பற்றி நீ பேச்சை எடு, இந்தத் தடவை போனை அம்மாவிடம் தள்ளிவிட மாட்டேன். சம்மதிப்பேன் என்று சொல்லவில்லை, கேட்பேன். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, சுபினிடம் கார் ஓட்டும்போது வேகம் வேண்டாம் என்று சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக, அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

மறக்காமல் ஒன்று செய். இங்கே மழை என்று உன் போனில் கண்டால் எனக்கு அழைக்காதே, நான் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். இசக்கிக்கு அழை. நம்பரைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
சத்தியநேசன்