வேங்கைநல்லூர்ச் சுவடிச்சாலைக் கதவில் ஐந்து பூட்டுகள் தொங்கியமை குறித்து அதன் வாரியத் தலைவர்க்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. நூல்கள் நிலைக்க, அவற்றை நாடி வருவோர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க.

மழை தப்பாத மருதவேலி நாட்டை முறை பிழையாது ஆண்டருளும் வெண்குடைப் பேரரசி வானவல்லித் தேவியாரின் திருவாணைப்படி, நூற்காவல் அமைச்சர் அதிநாதர் சொல்ல, ஓலைநாயகம் எயினன் தத்தன் எழுதியது. முத்து விளையும் துறைகளும் மரக்கலம் மொய்க்கும் கரைகளும் உடைய நெய்தற்கரை நாடு நீடு வாழ்க. அந்நாட்டு மன்னர் பெருந்திரையரின் கொற்றம் ஓங்குக. அவர் குடைநிழலில், வெண்மணற்றுறைச் சத்திரத்தில், கடலாடும் நோன்பேற்றுத் தங்கியிருக்கும் வேங்கைநல்லூர்ச் சுவடி வாரியத் தலைவர் நக்கன் பொழிலனார் இதனைக் கண்டு தெளிக.

உம் மனையில் இன்று யாவரும் நலம். அதனை முதற்கண் அறிந்து, மனம் பதறாமல் மேலே வாசிக்க. நடந்தது யாவும் நடந்த வரிசையிலேயே சொல்லப்படும் என்பது அமைச்சரின் விருப்பம். அவர் சொன்னவற்றுள் சில சொற்கள் அரச ஓலைக்குத் தகாதன ஆகையால் எழுதியவன் அவற்றை விட்டிருக்கிறான். விட்டவை கொஞ்சமல்ல.

ஊர்தோறும் சுவடிச்சாலை, அதனைப் பேண ஊராரே குடவோலையிட்டுத் தெரிந்தெடுக்கும் ஐவர் வாரியம் என்னும் ஏற்பாட்டை அரசவையில் எத்தனையோ பேர் எதிர்த்தபோது, ஒற்றை ஆளாக நின்று வாதாடிப் பெற்றவர் அமைச்சர் அதிநாதர். ஊரார் ஏட்டை ஊராரே காக்க வல்லார், கற்பித்தால் போதும் என்று அவர் தேவியார்முன் சொன்னார். குடத்திலிருந்து ஓலை எடுத்துவிட்டால் மட்டும் ஒருவர்க்குச் சுவடிச்சாலை நடத்தும் முறை தெரிந்துவிடாது ஆகையால், வாரியத்தார் ஐவரும் ஆண்டுக்கொரு முறை தலைநகர்க்கு வந்து பயிற்சி பெறல் வேண்டும் என்பதும் அன்றே விதிக்கப்பட்டது. வேங்கைநல்லூர் வாரியத்தார்க்கு அந்த விதி வந்த நாள்முதல் உடல்நலம் இருந்ததேயில்லை. ஓராண்டு ஒருவர்க்கு வயிற்றுவலி. மறுவாண்டு வண்டிமாட்டுக்குக் கால் வீக்கம். அதற்கடுத்த ஆண்டு உறவில் ஒரு மஞ்சள்நீராட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அமைச்சர் பொறுத்தார்.

சென்ற ஆண்டு எப்படியோ நீர் வந்தீர். மற்ற நால்வரும் வரவில்லை. தாம் ஒருவர் கேட்டுப் போய் ஊரில் நால்வர்க்கும் சொல்லிவிடுவதாக நீர் உறுதி கூறினீர். அமைச்சர் தலையசைத்தார், வந்தவரையும் விரட்டுவானேன் என்று நினைத்தார் போலும்.

அன்று முற்பகலில் அவர் கற்பித்தது இது: வாரியத்தில் தனியொருவர்க்கு அதிகாரம் இல்லை; தலைவரே ஆயினும் தம் விருப்பப்படி ஏட்டை எடுக்கவோ கொடுக்கவோ ஒண்ணாது; எதுவும் சபையாகக் கூடியே முடிவு செய்யப்படும். நீர் நன்றாகக் கேட்டீர். கேட்டதைத் திருப்பியும் சொன்னீர், அமைச்சர் மகிழ்ந்து போனார். பின்னர் விருந்து. பிற்பகலில் அவர் கற்பித்தது இது: நெறி வகுப்பது வாரியம், நாள்தோறும் கதவு திறப்பதும் ஏடு எடுத்துக் கொடுப்பதும் சுவடிக் காவலர்; அவர் வேலையில் வாரியத்தார் கை வைக்கலாகாது; ஐவரில் மூவர் கூடினாலே சபை கூடியதாகும்; ஒருவர் வரவில்லை என்பதால் எந்தக் காரியமும் நின்றுவிடக் கூடாது. இவை சொல்லப்பட்டபோது உம் இருக்கை காலியாக இருந்தது. பாயசம் குடித்த கை ஈரம் காயுமுன்னே நீர் வண்டி பூட்டச் சொல்லிப் புறப்பட்டுவிட்டீர். பொழுதோடு ஊர் சேர வேண்டுமாம்.

ஆக, பாதிப் பாடம் வேங்கைநல்லூர்க்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஐவரும் என்ன செய்தீர் என்பதை உமக்கே சொல்ல வேண்டியிருப்பது அமைச்சர்க்கு எரிச்சலாக இருக்கிறது. ஆயினும் ஓலையில் பதிவாதல் வேண்டும். தனியொருவர்க்கு அதிகாரம் இல்லை என்றால், தனியொருவர் கதவும் திறக்கக் கூடாது என்று பொருள் கொண்டீர். கொல்லரை அழைத்து ஐந்து பூட்டுகள் செய்வித்தீர். ஆளுக்கொரு திறவுகோல் எடுத்துக்கொண்டீர். சுவடிக் காவலர் ஏகவீரர் கையில் ஒன்றும் இல்லை. அவர் தம் வேலைக்குப் போக உம் ஐவரையும் வீடு வீடாகச் சென்று அழைத்து வர வேண்டியதாயிற்று. ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் களத்தில் இருப்பார். ஏடு கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்று நின்று அலுத்துப் போனார்கள். இந்த ஒழுங்கை நாடெங்கும் பின்பற்றலாம் என்று நீர் தலைநகர்க்கு எழுதி வேறு அனுப்பினீர்.

அதன்பின் கலைமகள் விழா வந்தது. ஏடுகளை அடுக்கிச் சந்தனமிட்டுப் பூசையில் வைத்தீர்கள். பூசையில் இருக்கும் ஏட்டை எவரும் தொடுவதில்லை, அது நாடறிந்த வழக்கம். விழா முடிந்த காலையில் பிரித்துப் படித்தல் வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். ஆனால் அந்தக் காலை விடியுமுன்னரே நீர் கடலாடப் புறப்பட்டுவிட்டீர், இடுப்புக் கயிற்றில் ஐந்தாம் திறவுகோலோடு. மற்ற நால்வரும் தத்தம் பூட்டைத் திறந்துவிட்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்பு நான்கையும் திரும்பப் பூட்டிவிட்டு வீட்டிற்குப் போனார்கள். தலைவர் வரட்டும் என்றார்கள். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது.

அண்டை ஊர்ச் சுவடிச்சாலையைப் பார்வையிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அமைச்சரின் பல்லக்கை, வேங்கைநல்லூர் எல்லையில் மருத்துவச்சி பூதங்கண்ணி மறித்தாள். கொட்டும் மழையில் தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பிறந்து பத்து நாளும் ஆகாத குழந்தை ஒன்று மாந்தம் கண்டு பால் குடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, மருந்து பிள்ளைப்பிணிச் சுவடியில் இருக்கிறது, சுவடி பூட்டிக் கிடக்கிறது என்று முறையிட்டாள்.

அமைச்சர்க்கு விளங்கவில்லை. மருத்துவச்சிக்கு மருந்து தெரியாதா என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்: "மருந்து தெரியுமுங்க. அளவுதான் தெரியணும். ஒரு கடுகத்தனை கூடுனாலும் பச்சப் புள்ள தாங்காது. ஏட்டப் பாக்காம நான் கை வைக்க மாட்டேன். நாலு நாளா அந்த நாலு பேரு வீட்டுக்கும் நடந்துட்டேன். தலைவரு வரட்டும், தலைவரு வரட்டும்னே சொல்றாங்க. அஞ்சு பூட்டும் யாருக்காக போட்டது? ஏட்டுக்கா, எங்களுக்கா?"

அமைச்சர் பல்லக்கை விட்டிறங்கி மழையிலேயே நடந்தார். அறுபதைக் கடந்தவர், வழுக்கும் தெருவில் எழுதியவன் அவர் கையைப் பிடிக்கப் போனபோது உதறிவிட்டார். சுவடிச்சாலை வாசலுக்கு நால்வரும் வரவழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் நிறைகுடம் கொண்டுவந்தார்கள், மாலை கொண்டுவந்தார்கள், அமைச்சரை எந்தத் திசை நோக்கி அமர்த்துவது என்று தமக்குள் பேசத் தொடங்கினார்கள். நால்வரும் திறந்தார்கள். ஐந்தாம் பூட்டு அப்படியே இருந்தது. கொல்லரை வரவழைத்து அதை உடைக்கச் சொல்லி அமைச்சர் ஆணையிட்டார்.

நால்வருள் மூத்தவர் கைகட்டிப் பணிவாக விடை சொன்னார்: "ஐயா மன்னிக்கணும். தனியா ஒருத்தரு முடிவு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்ததா தலைவரு சொன்னாரு. இப்ப நீங்க ஒருத்தரா உடைக்கச் சொன்னா, நாங்க எப்படிங்க உடைக்கறது?"

பொழிலனாரே, அந்த மனிதர் நையாண்டி செய்யவில்லை. உள்ளபடியே கேட்டார். கற்பித்ததைக் காப்பாற்றுகிறோம் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. அமைச்சர் தலையிலடித்துக்கொண்டார். அருகில் மருத்துவச்சி நனைந்த சேலையைப் பிழியவும் மறந்து நின்றாள். நாடாளும் அரசியின் அமைச்சர் நினைத்தால் காவற்படையை ஏவி ஒரு நொடியில் கதவைப் பெயர்த்திருக்கலாம். பெயர்த்திருந்தால், ஊரார்க்கு ஆளத் தெரியாது என்று அரசவையில் அன்று சொன்னவர்கள் சொல் மெய்யாகியிருக்கும். குழந்தைக்கோ நேரமில்லை. அவர் உரத்த குரலில் சொன்னார்: நீங்கள் நால்வர் இருக்கிறீர்கள், மூவர் கூடினாலே சபை, இந்த வாசலே சபை மண்டபம், இப்போதே கூடி முடிவு சொல்லுங்கள்.

அப்படியொரு விதி இருக்கிறதா என்று நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிற்பகலில் கற்பித்தது அது என்றார் அமைச்சர். ஒருவர் வெற்றிலை வைத்துத்தான் சபை தொடங்குவது மரபு என்றார். இன்னொருவர் தலைவர் வந்து கோபித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அப்போதுதான் ஏகவீரர், வாரியத்தார் முன் அதுவரை வாய் திறவாதவர், அழுகிற குரலில் கெஞ்சினார்: "கையைத் தூக்குங்க சாமி. பேசறத அப்பறம் பேசிக்கலாம். கையை மட்டும் தூக்குங்க." மூன்று கைகள் உயர்ந்தன. தயங்கித் தயங்கி நான்காவதும் உயர்ந்தது. கொல்லர் ஒரே அடியில் பூட்டைத் தட்டிவிட்டார்.

உள்ளே ஈர நாற்றம் அடித்தது. கூரை ஒழுகிய மூலையில் கீழ் அடுக்கு முழுவதும் செல்லுக்கும் கரையானுக்கும் போயிருந்தது. நிலக்கணக்கு நூல்கள் மண்ணாகிக் கிடந்தன. பயிர்நூல் தொட்டதும் உதிர்ந்தது. எண்ணெய் தடவி, புகையூட்டி, பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவற்றை ஏகவீரர் இரு கையாலும் அள்ளிப் பார்த்தார். அமைச்சர் அவரைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டார். பிள்ளைப்பிணிச் சுவடி பூசையில் மேலடுக்கில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. ஓரம் அரித்திருந்தது, எழுத்து இருந்தது. பூதங்கண்ணி வாசல் வெளிச்சத்தில் அதை விரித்து, விரலை வைத்து இருமுறை படித்தாள். ஏட்டை ஏகவீரர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டமாக ஓடினாள்.

குழந்தை பிழைத்தது. மறுநாள் காலை பால் குடித்தது. அதனைக் கேட்ட பிறகே அமைச்சர் உணவு கொண்டார். உண்டுவிட்டு, குழந்தையைப் பார்த்து வாழ்த்திச் செல்லலாம் என்று வீட்டை விசாரித்தார். ஊரறிந்ததை அமைச்சர் அறியார் என்று அதுவரை எவர்க்கும் தோன்றவில்லை. அவரை உம் வீட்டிற்குத்தான் அழைத்துச் சென்றார்கள்.

ஆம், பொழிலனாரே. உம் மகள் காரிநங்கைக்கு நாள் நிறையுமுன்னரே ஆண்மகவு பிறந்தது. ஆறு கரைபுரண்டதால் உமக்குச் செய்தி சொல்லப் புறப்பட்டவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். இவ்வோலை அரசுப் படகில் வருகிறது. தாயும் சேயும் நலம். குழந்தைக்கு உம் நெற்றி.

தந்தைக்குச் சொல்லி அனுப்ப ஏதும் உண்டோ என்று அமைச்சர் உம் மகளைக் கேட்டார். உம்மேல் அவர்க்கிருந்த சினத்தில் அவளும் நாலு வார்த்தை கடுமையாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார் என்றே எழுதியவன் எண்ணுகிறான். அவள் குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அப்பாகிட்ட பூட்டு சங்கதிய சொல்லாதீங்க. எனக்கு நல்லபடியா பொறக்கணும்னுதான் கடலாடப் போயிருக்காரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

அமைச்சர் வெளியே வந்துவிட்டார். சொல்லாதிருக்க அவரால் இயலவில்லை. உம்மைத் தண்டிக்கவும் இயலவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவர் எழுதியவன்மேல் எரிந்து விழுந்தார்.

ஆதலின் தேவியார் ஒப்புதலோடு பிறக்கும் ஆணை யாதெனின்: சுவடிச்சாலைக் கதவு இன்றுமுதல் ஏகவீரர் பொறுப்பு. அழிந்த நூல்களுக்குப் படி எடுக்க அண்டை ஊர்களுக்கு ஆள் போயாயிற்று. நீர் நோன்பை நிறைவு செய்து இப்படகிலேயே ஊர் திரும்புக. தலைநகர்ப் பயிற்சிக்கு நீர் வர வேண்டியதில்லை. வராமலிருக்க உமக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். அமைச்சரே வேங்கைநல்லூர்க்கு வருவார். பயிற்சி உம் வீட்டில், வாரியத்தார் ஐவரும் இருக்க, முற்பகலும் பிற்பகலுமாக முழுமையாக நடைபெறும். விருந்து கடைசியில்தான். உம் மகளும் குழந்தையோடு அங்கேயே அமர்ந்து கேட்பாள். பாதியில் எழுந்து போக வேண்டுமாயின், அமைச்சரிடம் கேட்க வேண்டாம். அவளிடம் விடை பெற்று எழுக.

அரச முத்திரை இட்டோம். இவ்வாறே ஆகுக.