எல்லைக்கல்லில் இறக்கிய டோலி

அன்பு மாப்பிள்ளை சடையனுக்கு,

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. உன் சாவில் எனக்கும் பங்குண்டு என்பது உனக்குத் தெரியும். மலைக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் கேட்கும்படி எழுதுகிறேன்.

அன்று முள்ளுக்குறிச்சியிலிருந்து வெள்ளைக்காரத் துரையை டோலியில் தூக்கி வந்தீர்கள். நம் மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு. ஒரு நாட்டார் தங்கள் எல்லைக்கல் வரைக்கும்தான் தூக்குவார்கள். பிறகு அடுத்த நாட்டார் தோள் கொடுக்க வேண்டும். அன்று அவர்கள் வரவில்லை. நீ டோலியை இறக்கி வைத்துவிட்டாய்.

"எல்லை தாண்டித் தூக்கற வழக்கம் இல்லீங்க. அவிய வர்ற வரைக்கும் பொறுங்க."

துரை இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். மொழிபெயர்க்கத்தான் என்னை அழைத்து வந்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் கூட வந்த போலீஸ் ஏட்டின் தடி உன் முழங்காலில் இறங்கியது. விழுந்த உன் மார்பில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார். காய்ந்த மூங்கில் ஒடிவது போல விலா முறிந்தது. வாய் நிறைய ரத்தத்தோடு, "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? ஒன்றுமில்லை. உன்னைக் காலால் பள்ளத்தில் தள்ளினார்கள். 'கால் தவறி விழுந்தான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாத்தியார் வேலை போய்விடும் என்ற பயம்.

இப்போது சுதந்திரம் வரப்போகிறதாம். வந்தாலும் இங்கிலாந்து ராஜாவோடு ஓர் உறவு வைத்துக்கொள்ளலாமா என்று பத்திரிகையில் விவாதிக்கிறார்கள். பாகம் பிரித்துக்கொண்ட மகன் அப்பனோடு களத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வது போல. அப்பனுக்கும் மகனுக்கும் அது சரி. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும்?

நேற்று அதே ஏட்டு, பதவி உயர்ந்து, என் வீட்டுக்கு வந்தார். நாளை ஒரு தலைவர் மலைக்கு வருகிறாராம். டோலிக்கு ஆள் வேண்டுமாம்.

"இனி நம்ம ஆளுங்க ராச்சியம் வாத்தியாரே. நம்மாளை நாமளே தூக்கறதுக்கென்ன?"

முற்றத்தில் சாமை குத்திக்கொண்டிருந்த உன் மனைவி நிமிர்ந்தாள். "எங்கூட்டுக்காரரை அடிச்சுக் கொன்னதும் நம்மாளுதானுங்களே?"

அவர் சிரித்தார். "நானா கொன்னேன்? கால் தவறினான்னு எழுதிக் கொடுத்ததே உங்கண்ணன்தான். கேட்டுப்பாரு."

அவள் உலக்கையை ஓங்கினாள். கூட வந்த போலீஸ்காரர் அதைப் பிடுங்கி அவள் முதுகிலேயே போட்டார். கீழே கிடந்தபடி என்னைத்தான் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தியாண்ணா?"

"குடுத்தேன் கண்ணு."

அவர்கள் போனதும் எழுந்து வந்து என்னை அறைந்தாள். உதடு கிழிந்தது. நேற்றிலிருந்து என் தங்கை என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளை, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். நாளை அந்தத் தலைவர் டோலியில் கால் வைக்குமுன் எதிரே நின்று வாசிப்பேன். நின்று கேட்டால் அவர் நம்மவர். கேட்காமல் தடியை ஏவினால், அதுவும் ஊருக்குத் தெரியட்டும். பல் உடைந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். இது சத்தியம்.

உன்னைச் சாகக் கொடுத்த,
உன் மச்சான்