பதினொரு மணி வகுப்பு

அன்பு மகன் டெரிக்குக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இங்க்ரிட், நாய் எல்லோரும் சுகம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது, மழைக்கு முந்தின நாளே அது அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது. நெவாடாவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பா எதற்குத் திடீரென்று பேனாவை எடுத்தார், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறாதே, அப்படி ஒன்றுமில்லை. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் அங்கே வெயிலா இங்கே மழையா என்பதைத் தாண்டுவதே இல்லை, அதற்குள் உனக்குச் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும், எனக்குப் பால் வண்டி எடுக்க நேரமாகிவிடும். அதனால்தான் கடிதம். சனிக்கிழமை காலை, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சும்மா சொல்கிறேன், இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய்க் கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன், அடைக்கவில்லை. நேற்று புல்வெளியை வெட்டினேன், இன்று காலையிலும் வெட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன கர்ட், புல்லு மேல ஏதாவது கோபமா என்று கேட்டார்.

ஊர்ச் செய்தி என்றால் பெரிய செய்தி ஹாங்க் ஓல்சன் போன மாதம் போய்விட்டார், தீவனக் கடை ஹாங்க், அம்மா உனக்குச் செய்தி அனுப்பியதாகச் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டார், சிரமப்படவில்லை. அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு, வழக்கம்போல ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும். அங்கே அவர் மனைவி டோலோரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, கர்ட், உன்னப் பத்தி ஒரு நாளும் அவர் வாயில ஒரு தப்பான வார்த்தை வந்ததில்ல என்று சொன்னாள். சாண்ட்விச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். எதற்கு என்று கீழே சொல்கிறேன், சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இப்போது வீட்டில் நடக்கிற கூத்தைக் கேள். ஜூலையில் இங்க்ரிட்டின் சாரணர் படை முகாமுக்குப் போகிறது, நீ போன அதே முகாம், அதே ஏரி. ஒரு வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு நாலு பேட்ஜ் வகுப்பு, எதெது வேண்டும் என்று இப்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிட வேண்டும், பதிகிற பொத்தானைப் பெற்றவர்கள்தான் அழுத்த வேண்டும், நாளை மாலையோடு மூடிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு முதலுதவி, பத்து மணிக்கு வில்வித்தை, மதியம் இரண்டுக்குப் பறவைகள், மூன்றும் போட்டாயிற்று. வில்வித்தைக்கு இடம் கிடைக்கவேண்டும் என்று உன் தங்கை பதிவு தொடங்கின அன்று காலை ஆறு மணிக்கே எழுந்து என்னையும் எழுப்பிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் எழுந்திருக்காதவள். பதினொரு மணிக் கட்டம்தான் பத்து நாளாகக் காலியாகக் கிடக்கிறது. அவளுக்கு அந்த நேரத்தில் கூடை பின்னுகிற வகுப்பு வேண்டுமாம். நான் நீச்சலைப் போடு என்கிறேன். இரண்டுமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது, வேறு நேரத்தில் இல்லை.

நீச்சல் சாரணரில் உச்சியான ஈகிள் பட்டத்துக்குச் சேரும், கூடை எதற்கும் சேராது, பொழுதுபோகாதவர்கள் எடுக்கிற பேட்ஜ் அது என்று சொன்னேன். அவள் விடுவாளா, நாலு வருஷமா டவுன் குளத்துல நீந்துறேன், அந்த பேட்ஜ எப்ப வேணா எடுத்துக்குவேன், எனக்குப் பன்னெண்டு வயசுதான் ஆகுது, பட்டம் எங்க ஓடிப்போகுது என்றாள். நான் வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே அவள், அப்பா, கூடை உனக்கு அப்படி என்ன பாவம் பண்ணுச்சு என்று கேட்டுவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு போனாள், அது உன் பழைய அறைக் கதவு, நீ சாத்தினபோது விட்ட கீல் இன்னும் ஆடுகிறது. படைத்தலைவி பெக்கி போன் செய்து, கர்ட், எல்லாப் பிள்ளைங்களும் முடிச்சாச்சு, உன் மக மட்டும் பதினொரு மணிக்கு மரத்தப் பாத்துட்டு நிக்கப் போறாளா என்று கேட்கிறாள். உன் அம்மாவோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பால் டேங்கர ரிவர்ஸ்ல ஓட்டிக் கொட்டகைக்குள்ள விடுற மனுஷன் ஒரு கட்டத்த நிரப்ப முடியாம பத்து நாளா கம்ப்யூட்டர முறைச்சிட்டு இருக்கார் என்று சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சிரிக்கட்டும், அவளுக்குத் தெரியாது.

இங்க்ரிட்டுக்கு இந்தக் கூடைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்றால், கராஜில் அந்த ஸ்டூலைக் கண்டுபிடித்துவிட்டாள். உனக்கு நினைவிருக்கும், கூடை வகுப்பில் பிரம்பால் இருக்கை பின்னுகிற சின்ன ஸ்டூல், பாதி பின்னினது. அதை நான் எறிந்துவிட்டேன் என்றுதான் நீ இவ்வளவு நாளும் நினைத்திருப்பாய். எறியவில்லை. உன் கடைசி முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹாங்க் அதை முகாமிலிருந்து கொண்டுவந்து வாசல் படியில் வைத்துவிட்டு மணி கூட அடிக்காமல் போயிருந்தார். நான் அதைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன், பதின்மூன்று வருஷம் அங்கேயே இருந்தது. இவள் அதைத் துடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து, பின்னின பாதியில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறாள், பின்னாத பாதியில் நாய் தலையை விட்டு மாட்டிக்கொண்டு கத்துகிறது.

இந்த இடத்தில் மறுபடி எழுந்து போய்விட்டேன், டிரக்கின் எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இனி எழுந்திருக்கப் போவதில்லை.

அந்த முகாமில் அன்று நடந்ததில் உனக்குத் தெரிந்த பாதி ஒன்று, தெரியாத பாதி ஒன்று. தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீச்சல் நேரம். தண்ணீரில் இறங்குகிறவன் பலகையில் தன் பெயர் எழுதின வட்ட அட்டையை மாட்டவேண்டும், ஏறினால் அதை எடுத்துவிட வேண்டும். நீ ஏறிப் போய்விட்டாய், அட்டையை எடுக்க மறந்துவிட்டாய். விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றி எண்ணினபோது தலைகளைவிடப் பலகையில் ஓர் அட்டை கூடுதல், டெரிக் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் கூட வந்த பெரியவர்கள் பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காப்பிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கையோடு கை கோர்த்து அறுபது பேர் ஏரிக்குள் வரிசையாக இறங்கினோம், ஓர் அடி வைப்பது, நிற்பது, காலால் தரையைத் தடவுவது, அடுத்த அடி. பதினேழு நிமிஷம். அந்த நேரமெல்லாம் நீ மேட்டில் கைவேலைக் கொட்டகையில் ஸ்டூலுக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்ததும் நான் ஈரத் துணியோடு மேடேறி வந்து, உன் பொணத்தத் தேடிட்டு இருக்கோம், நீ இங்க கூடை பின்னிட்டு இருக்கியா என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்தேன், பிரம்பு ஊறின வாளியை எட்டி உதைத்தேன். பிரம்பு ரொம்ப நேரம் ஊறினா வீணாப் போயிரும்பா, அதான் ஓடி வந்துட்டேன் என்று நீ சொன்னாய். அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த வருஷம் முகாமுக்கு வரல என்றாய், பிறகு சாரணர் சீருடையையே தொடவில்லை, பதினெட்டு முடிந்ததும் தண்ணீரே இல்லாத ஓர் ஊராகப் பார்த்துப் போய்விட்டாய்.

எல்லோரும் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள், பெத்த மனசு பதறிப்போச்சு, அதான் கத்திட்டார் என்றார்கள். உன் அம்மா இன்றும் அதைத்தான் நம்புகிறாள். நீயும் அதைத்தான் நம்பியிருப்பாய், அல்லது அப்பாவுக்கு என்னைவிடச் சட்டதிட்டம்தான் பெரிசு என்று நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை.

தண்ணீர் நெஞ்சளவு இருந்த இடத்தில் என் காலில் ஏதோ பட்டது. நீளமாக, மெத்தென்று, அழுத்தினால் கொஞ்சம் நகர்ந்தது. பட்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தான் இறக்கியிருந்தார்கள், நில் என்று கத்தவேண்டும், கையை விட்டு மூழ்கி எடுக்கவேண்டும். நான் கத்தவில்லை. காலைத் தூக்கி அதைத் தாண்டி அடுத்த அடியை வைத்தேன். அது கட்டையாக இருக்கும் என்று நினைத்துத் தாண்டவில்லை டெரிக், நீயாக இருக்கும் என்று நினைத்துத்தான் தாண்டினேன். குனிந்து தொட்டுவிட்டால் அது நீதான் என்று ஆகிவிடும், தொடாதவரைக்கும் ஆகாது, அந்த ஒரு நொடியில் என் புத்தி இவ்வளவுதான் வேலை செய்தது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று கூட யோசிக்கவில்லை. என் வலது கையைக் கோர்த்திருந்தவர் ஹாங்க். நான் காலைத் தூக்கினது அவருக்குத் தெரிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு மூழ்கினார், பாசி பிடித்த ஒரு மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், என் முகத்தைப் பார்த்தார், கட்டதான் கர்ட் என்றார். அடுத்த நிமிஷம் நீ கிடைத்துவிட்டாய் என்று கரையிலிருந்து சத்தம் வந்தது. மேடேறி வந்த என் கோபம் உன்மேல் இல்லை. உன்னைத் தாண்டிப் போனவன் உன் முகத்தை எப்படிப் பார்ப்பான், கத்திக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

அதற்குப் பிறகு நான் ஹாங்க் கடைக்குப் போகவே இல்லை. நாய்த் தீனி வாங்க இருபது மைல் ஓட்டிக்கொண்டு போனேன், ஏன் இப்படி பெட்ரோல வீணாக்குற என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அந்த மனிதர் ஒருவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இருந்தவரை அந்த விஷயம் இரண்டு பேரிடம் இருந்தது, இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. தனியாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது. கோபப்படு, தப்பில்லை. அம்மாவிடம் நானே சொல்கிறேன், இன்று மதியம் அவள் சந்தையிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவேன்.

மேலே இருக்கிற வரியை எழுதி முடித்ததும் இங்க்ரிட்டைக் கூப்பிட்டு, அவள் பக்கத்தில் நிற்கவைத்துப் பதினொரு மணிக் கட்டத்தில் கூடை பின்னுதலைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா அப்பா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். ஸ்டூலைப் பின்னினது யார் என்று சொன்னேன். டெரிக்கா, நெசமாவா, இவ்ளோ நெருக்கமாப் பின்னிருக்கான் என்று குப்புறப் படுத்து அதன் அடிப்பக்கத்தையெல்லாம் பார்த்தாள். பிறகு உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: மிச்சத்த நான் பின்னவா, இல்ல அவனே வந்து பின்னுவானா. முகாமின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர்கள் வரலாம், ஜூலை பதினெட்டு. வா என்று சொல்ல எனக்கு வாயில்லை, அவள் கேட்டதை மட்டும் சேர்த்துவிட்டேன். பதிலை அவளுக்கே போடு, எனக்குப் போடவேண்டும் என்பதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்தப் பாலைவனத்தில் வண்டியில் எப்போதும் தண்ணீர் வைத்துக்கொள், டயரை மாற்று, போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே வழவழவென்றிருந்தது. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், எங்கே கிளம்பினாலும் கிளம்புகிறேன் என்று எங்களுக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுப் போ. மறந்துவிட்டாலும் பரவாயில்லை. நான் தேடி வருவேன், இந்தத் தடவை குனிந்து தேடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கர்ட்