பனி இறுகும் இரண்டு நாள்

அண்ணா,

இன்று காலை புட்டுக்கு மாவு நனைத்துத் தாம்பாளத்தில் அமுக்கி வைத்திருந்தேன். தூக்கும்போது கை சாய்ந்தது. மாவு முழுவதும் ஒரே பாளமாக வழுக்கித் தரையில் விழுந்தது. துடைக்க வந்த மருமகளை விரட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் பட்டாளத்திலிருந்து கடைசியாக லீவில் வந்தாயே, நினைவிருக்கிறதா? கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்குத் தெரிந்த பனி, மீன் பெட்டியில் போடும் ஐஸ்தான். காஷ்மீரில் ஆட்கள் பனியில் புதைந்து சாவார்கள் என்று நீ சொன்னதும் நான் சிரித்தேன். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, அதன்மேல் நனைத்த மாவை அமுக்கினாய். "இந்த ரவை மாதிரிதான்டி, உள்ளே ஒட்டாத பனி கிடக்கும். மேலே புதுசா விழுறது கனம். கால் வெச்சா அடியில 'உம்'னு ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் மலையே கிளம்பி வரும்." தாம்பாளத்தைச் சாய்த்துக் காட்டினாய். பனி கொட்டி ஓய்ந்தபின் இரண்டு நாளாவது சரிவில் இறங்கமாட்டோம், அதற்குள் இறுகிவிடும் என்றும் சொன்னாய். மாவை வீணாக்கியதற்கு அம்மா உன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்ப முடியாது.

தை மாதம் என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பனி விடவில்லை, வரத் தாமதமாகலாம் என்று நீ எழுதினாய். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பங்குனிக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றார்கள். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் உனக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதிப் போட்டேன். "முகூர்த்தத்துக்கு நீ வராவிட்டால் நான் மணையில் உட்கார மாட்டேன். மலையைக் காரணம் சொல்லாதே." பங்குனிக்குத் தள்ளலாம் என்று அவர்கள் சொன்னதை எழுதவே இல்லை.

பட்டாளத்தில் உன்னோடு இருந்த வைப்பின் தீவுக்காரர் படகேறி வந்து நடந்ததைச் சொன்னார். பனி நின்ற மறுநாள் காலையே நீ கிளம்பினாயாம். "நில்லெடா, ரெண்டு திவசம் கழியட்டே" என்று, இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அவர் கையைப் பிடித்தும் உதறிவிட்டு இறங்கினாயாம். பத்து நாள் கழித்துத்தான் உன்னைத் தோண்டி எடுத்தார்கள். அம்மாவிடம் இவ்வளவுதான் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் கடிதத்தை என் கையில் திணித்தார். "இது அவன்றெ போக்கெட்டில் உண்டாயிருந்நு." உன் சட்டைப்பையில் இருந்ததாம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மணையில் உட்காரத்தான் செய்தேன்.

அம்மா அதற்குப்பின் ஒன்பது வருஷம் இருந்தாள். உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுவாள். "பாவி, எதுக்கெடுத்தாலும் அவசரம். ரெண்டு நாள் பொறுத்து வந்தா என்ன? யாரு இவனை உடனே வா வான்னு கூப்பிட்டா?" கண் மூடுவதற்கு முந்தைய நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாள்.

"யாரும் கூப்பிடலம்மா" என்றேன்.