தையல் படகுகளும் தோணிரேவு ஆட்களும்

பிரமாதி வருடம், ஆவணி 9

வெள்ளைக்காரர் கோட்டையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கப்பல் இந்த வருடம் முன்னாலேயே வருகிறதாம். சரக்கு ஏற்றும் படகுகள் எல்லாவற்றின் பலகைகளையும் பிரித்து, புதுக் கயிற்றால் தைத்துத் தர வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எந்தப் புத்தியில் ஆட்டினேனோ!

ஆவணி 10

பொழுது சாய்ந்தும் நம் ஆட்களையே தைக்கச் சொல்வதா, ஏரிக்கரைத் தோணிரேவில் படகு தைக்கும் பெருமாளிடம் பாதியைக் கொடுப்பதா? அவர்கள் தைப்பது ஏரிப் படகு. இது கடல் அலையில் ஏறுகிற படகு. அதிலும் முதல் படகில் சுக்கான் பிடிப்பது என் தங்கை புருஷன் பச்சைமுத்து.

ஆவணி 13

மூன்று நாளாக இருட்டும்வரை வேலை. கயிறு அறுத்து, நம் ஆள் வேலுவின் உள்ளங்கை வீங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி குப்பம்மாள் நேராகவே கேட்டாள்: "கண்ணு தெரியாம தைச்சதுல யாருண்ணா ஏறுவா? உன் மச்சான்தானே?" கத்திவிட்டேன். பாவம், அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஆவணி 14

பாதியைப் பெருமாளிடம் கொடுத்தாயிற்று. ஆனால் நம்பிக்கை வரவில்லை. இருவர் இருவராகத் தைக்கும் நம் ஆட்களில் ஜோடிக்கு ஒருவரை அங்கே அனுப்பி, அவர்கள் ஆளை இங்கே உட்கார வைத்தேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆவணி 19

படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒழுகுகிறது. அங்கே தைத்ததும் ஒழுகுகிறது, இங்கே தைத்ததும் ஒழுகுகிறது!

பலகைக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். முகம் தெரியாது. பலகையைத் தட்டித்தான் 'இழு' என்பார்கள். நம்மவர்கள் இரண்டு தட்டு, அவர்கள் ஒரே தட்டு. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் சும்மா இருந்திருக்கிறார். இத்தனை வருடத் தொழிலில் இது எனக்குத் தோன்றவில்லையே.

பெருமாள் கோபிக்கவில்லை. "என் ஆளுங்கள என்கிட்ட உட்டுடு. நம்பறதுன்னா முழுசா நம்பு. இல்லன்னா படகை எடுத்துகினு போ" என்றார்.

அவர் ஆட்களை அவரிடமே விட்டுவிட்டு, நம்மவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தேன்.

ஆவணி 20

கோட்டைக்குப் போய், ஒழுகுவதைப் பிரித்துப் பகலில்தான் திரும்பத் தைக்க முடியும், கப்பல் வரும்போது பாதிப் படகுகள்தான் தயாராக இருக்கும், மீதி பின்னால் வரும் என்றேன். நான் அவ்வளவு நேரம் பேசியதைத் துபாஷி துரையின் பாஷையில் ஒரே வரியில் சொல்லி முடித்தான். துரையின் முகம் சிவந்தது. அடுத்த வருடம் வேலை கிடைக்குமோ, கிடைக்காதோ. போகட்டும்.

புரட்டாசி 4

கப்பல் வந்துவிட்டது. நல்ல அலை. பச்சைமுத்து ஏறியது தோணிரேவில் தைத்த படகு. யார் தைத்தது என்று தங்கை கேட்டாள். சொன்னேன். படகு திரும்பும்வரை இருவரும் கரையிலேயே நின்றோம்.

திரும்பி வந்தவன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். நான் படகின் அடிப்பலகையையே பார்த்தேன்.

"இன்னா மச்சான், அப்டி பாக்கற? தண்ணி மேலேர்ந்துதான் வந்துச்சி. கீழேர்ந்து ஒரு சொட்டு வரல."

நாளைக்குத் தோணிரேவு போய்ப் பெருமாளிடம் சொல்ல வேண்டும்.