சராசரியில் சாகாத மீன்கள்

பீல் நகரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே ஆற்றுநீருக்குப் புதிய தர இலக்கு வைக்கிறார்கள். தண்ணீரை அளப்பது எங்கள் ஆய்வுகூடம். போன மாதம் ஒருநாள் தண்ணீரில் செம்பின் அளவு எக்கச்சக்கமாக ஏறி, மீன்கள் செத்து மிதந்தன. எனக்கு இந்த வேலை எடுத்துத் தந்த யேசுதாசன் அண்ணைதான் ஆய்வுகூடப் பொறுப்பாளர். "மாதச் சராசரி சரிதானே பிள்ளை, அதையே இலக்கா வைப்பம்" என்றார்.

"மீன் சராசரி பாத்தோ சாகுது, அண்ணை?"

கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். ஒருநாள் அளவுக்கும் வரம்பு வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணை என்னோடு கதைப்பதில்லை. வேலையிடத்தில் தமிழ் கதைக்க வேறு ஆளில்லை. பெரிய விஷயமில்லை, யோசிக்காதீர்கள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அனுப்பும்போது, அம்மாவை எதையாவது கதைத்துப் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். நீளமாக இருக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் டிலக்ஷி