புதன்கிழமை ஒன்பது மணி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அண்ணனைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் இந்த வீட்டில் வேறு செய்தி இல்லை.

அவனால் இப்போது படுக்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து, அதில் சாய்ந்தபடி தூங்குகிறான். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். "நான் பாசஞ்சர் வண்டிப்பா, நடுவுல ஒரு ஸ்டேஷன் வேணும்ல" என்று சிரிக்கிறான். சிரித்தால் வெகுநேரம் இருமல். அதனால் அண்ணி அவனைச் சிரிக்க விடுவதில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து நீ எழுதியதை நாலு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா, பார். கல் தூசி உள்ளே போனதும் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன. கிருமியை அழிக்க அவற்றிடம் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. கல் வெட்டுப்படாது. செல்தான் செத்து உடைகிறது. நொதிகள் வெளியே சிந்தி, நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் நார்களையே வெட்டுகின்றன. அந்த நொதிகளை அடக்கும் புரதம் இரத்தத்தில் இருந்தும் ஈடுகொடுக்க முடிவதில்லை. தூசியோ அங்கேயே கிடந்து அடுத்த செல்லுக்குக் காத்திருக்கிறது. அவன் கல் அரைக்கும் ஆலை வேலையை விட்டுப் பதினோரு மாதமாகியும் ஏன் மோசமாகிறது என்று கேட்டிருந்தேன். கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இருபத்தெட்டாம் தேதி தொழில்நோய்க் குழு கூடுகிறது. ஆலையால் வந்த நோய் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பெரிய மருத்துவமனையில் சிகிச்சையும், வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரமும் கிடைக்கும். போன வாரம் ஆலை அதிகாரி அண்ணியிடம், "சின்ன வயசுல சிகரெட் குடிச்சாருல்லம்மா, அதுதான். தூசி எப்பவும் அளவுக்குள்ளதான் இருந்திருக்கு. வேணும்னா உங்க மாமனாரையே கேளுங்க, எல்லாம் அவர் கையெழுத்துதானே" என்றாராம். அண்ணி அதை அப்படியே என்னிடம் சொன்னாள். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அந்தத் தூசியை அளந்தவன் நான். புதன்கிழமை காலை ஒன்பது மணி, அரைவை அறை, அதே தூணருகே கருவி, தூசி படியும் வடிதாளுக்கு முன்னும் பின்னும் எடை. ஒரு வாரமும் விட்டதில்லை. நேரம் எல்லாருக்கும் தெரியும் என்பதால், வெள்ளைச் சட்டையோடு வருகிறவருக்கு மரியாதையாக, எட்டே முக்காலுக்கே தரையிலும் இயந்திர வாயிலும் தண்ணீர் அடித்துவிடுவார்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நான் அளந்தது கழுவிய அறையை.

இரண்டாம் வருடமே எனக்குத் தெரிந்துவிட்டது. மறந்துவைத்த குடையை எடுக்க ஒரு வியாழக்கிழமை போனேன். தூசியில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலாளரிடம் சொல்ல நாலு வாக்கியம் எழுதி வைத்தேன். நாலையும் சொன்னபின் அவர் என்ன கேட்பாரோ என்ற பயம். அடுத்த புதனும் ஒன்பதுக்கே போனேன்.

அண்ணன் ஆலையில் சேர்ந்த பிறகு அந்தத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தது அவன்தான். நேற்று வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி, "உங்க சட்டைல ஒரு பொட்டு தூசி பட விட்டிருப்பேனாப்பா" என்றான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. அல்லது விளங்கியும் என்னை விட்டுவைத்திருக்கிறான். எது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இதையெல்லாம் குழுவுக்கு எழுதி, கையெழுத்திட்டு, தனி உறையில் ஒட்டி இதனுள் வைத்திருக்கிறேன். இங்கிருந்து நேரே குழுவுக்குப் போட முடியாது. குடியிருப்புத் தபாலெல்லாம் ஆலை அலுவலக மேசையைத் தாண்டித்தான் போகும். வீடும் அவர்களுடையது. மகளுக்கு எழுதும் கடிதத்தை யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். இன்று பத்தாம் தேதி. பதினெட்டுக்குள் உன் கைக்கு வரும். அங்கிருந்து குழுவுக்கு நாலு நாள். நேரம் இருக்கிறது.

இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்தவன் நான். அதனால் நீ போடு. நடுவில் நான் போன் செய்து, நன்றாக யோசித்துவிட்டேன், வேண்டாம்மா என்பேன். காரணங்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்வேன். எல்லாம் நியாயமாகவே இருக்கும். அந்த ஒரு முறை மட்டும் என் பேச்சைக் கேட்காதே.

நெஞ்சு நிறைய மூச்சோடு நீண்டநாள் நன்றாக இரு.

உன் அப்பா